படத்துக்கு நீட்டிய முடி

அங்கம்மா யாருக்கும் சும்மா ஒரு சொட்டு எண்ணெய் கொடுக்கிறவள் இல்லை. அவளும் புருஷன் இராசையாவும் அவன் தங்கச்சி இராக்கம்மாவும் பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பரா அறையில் ஆறு வருடமாகக் குடியிருந்தார்கள். அந்த ஆறு வருடத்தில் நாத்தனாரின் தலையைப் பற்றி அங்கம்மா பேசியதெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "சோத்துல மயிரு கெடக்கு, சுருண்டு கெடக்கு, யாருதுன்னு கேக்கவே வேணாம்." அப்பேர்ப்பட்டவள் எண்பத்தொன்றாம் வருடம் தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்விட்டு வந்து, கூடைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, "இந்தா இராக்கு, ஒனக்குத்தான்" என்று நீட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இராக்கம்மாவுக்கு வந்தது. டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியில் ஒரு கறுத்த பெண்ணின் படம், முடி மழைத்தண்ணி மாதிரி நேராக விழுந்திருந்தது.

"என்னா மதினி இது?"

"சுருட்டை முடியை நீட்டுற களிம்பாம். அலவி நானா கடையில வந்திருக்கு. குவைத்துல இருந்து அவரு சொந்தக்காரப் புள்ள கொண்டாந்ததாம். வார கெழம பாஸ்போட்டுக்குப் படம் புடிக்கப் போறோமில்ல? இந்தப் பரட்டைத் தலையோட ஒக்காந்தா படத்துல மூஞ்சியே தெரியாது, புள்ள."

பாஸ்போட் விஷயம் உண்மைதான். இராசையா இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்து, இப்போதுதான் கடிதம் வந்திருந்தது. மூன்று பேர்: இராசையா, பெஞ்சாதி அங்கம்மா, தங்கச்சி இராக்கம்மா. படம் பிடித்து, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா ஆளை நேரில் பார்த்துப் படத்துக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தத் தாளில் பேர் இருந்தால் ஒரு நாட்டு ஆள். இல்லாவிட்டால் இந்த நாட்டுக்கும் இல்லை, அந்த நாட்டுக்கும் இல்லை. லயத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

மதினி எதற்காகத் தன் தலைமேல் இவ்வளவு அக்கறைப்படுகிறாள் என்று ராத்திரியெல்லாம் யோசித்தாள். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், ஆசையும் இருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்குப் பேரே சுருட்டை. கொழுந்து மலையில் மற்றப் பெண்கள் சடை பின்னித் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும்போது அவள் மட்டும் கொங்காணித் துணிக்குள் தலையை ஒளித்துக்கொண்டு நடப்பாள். சீப்பு உடைந்தால் லயமே சிரிக்கும். இருபத்திரண்டு வயதில் ஒரு தடவையாவது முடி முதுகில் விழுவதைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தது குற்றமா?

மறுநாள் வேலை விட்டு வந்ததும் அங்கம்மா கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு களிம்பைப் பூசினாள். மருந்து நாற்றம் மூக்கைத் துளைத்தது. நெற்றி ஓரமும் காதுக்குப் பின்னாலும் தீயை வைத்தது போல எரிந்தது. "மதினி, எரியுது, கழுவிருவோம்" என்று இராக்கம்மா எழுந்தபோதெல்லாம் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"கொஞ்சம் பொறு. நானா சொன்ன நேரத்துக்கு முந்திக் கழுவினா புடிக்காது."

"நானா சொன்ன நேரம் எவ்வளவு?"

"நான் பாத்துக்கிறேன்."

வீட்டில் மணிக்கூடு கிடையாது. எதைப் பார்த்துக்கொண்டாளோ தெரியாது. கடைசியில் பீலிக்கரைக்கு ஓடி ஐஸ் மாதிரி விழுகிற தண்ணீருக்குக் கீழே தலையை நீட்டினாள் இராக்கம்மா. அங்கம்மா கழுவிக்கொண்டே இருந்தாள். காதுக்குப் பின்னால் தோல் வெந்து கொப்புளம் போட்டிருந்தது. ஆனால் துவட்டி நிமிர்ந்தபோது முடி இடுப்புவரை வந்து விழுந்தது. இராக்கம்மா அதைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தாள். எரிச்சல் மறந்துபோயிற்று, சந்தேகமும் மறந்துபோயிற்று. வெட்கமில்லாமல் சிரித்தாள். பீலியில் தண்ணி பிடிக்க வந்தவர்கள்கூட, "யாரு, நம்ம சுருட்டையா இது?" என்று வாயில் கை வைத்தார்கள்.

அந்தச் சந்தோஷம் பதுளையில் ஸலீம் ஸ்டூடியோ கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்வரைதான்.

அங்கம்மா அவளுக்கு நடு வகிடு எடுத்துச் சீவிவிட்டாள். எப்போதும் இராக்கம்மா வகிடே எடுப்பதில்லை, எடுத்தாலும் நிற்காது. பிறகு தன் பையிலிருந்து ஒரு சோடி நீலக்கல் தோடு எடுத்து மாட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்த இராக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே நின்றது பாக்கியம்.

பாக்கியலெட்சுமி அங்கம்மாவின் தங்கச்சி. எல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிழட்டு அத்தை ஒருத்தியோடு இருக்கிறாள். அவர்கள் அப்பன் இந்தியாவுக்கும் எழுதவில்லை, இலங்கைக்கும் எழுதவில்லை, எழுதாமலே செத்துப்போனார். அங்கம்மா இராசையாவைக் கட்டியதால் தப்பித்தாள். பாக்கியத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அங்கம்மாவின் அப்பன் இராக்கம்மாவுக்குத் தாய்மாமன், ஆகவே சாயல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே நீட்டு நாடி, அதே கண். முன்னால் பார்த்தால் ரெட்டைப் பிள்ளை, பின்னால் முடியைப் பார்த்தால்தான் யார் யாரென்று தெரியும் என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். இப்போது அந்த முடியும் போயிற்று.

"மதினி, நான் அப்புடியே பாக்கியம் மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள் இராக்கம்மா.

அங்கம்மா சிரிக்கவில்லை. "யாரு சொன்னது? ஒண்ணும் அப்புடி இல்ல. வாயை மூடிக்கிட்டு ஒக்காரு, ஸலீம் நானா காத்துக்கிட்டு நிக்கிறாரு" என்று வெடுக்கென்று சொன்னாள். பக்கத்தில் நின்ற இராசையா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய கிளாக்கர் ஐயா படத்தையும் ஆளையும் பார்த்து, "என்னா புள்ள, முடியெல்லாம் நேராயிருச்சு" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். காகிதங்கள் போயின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். சித்திரை பிறக்கும்போது இராக்கம்மாவின் மண்டையில் முளைத்த புது முடி பழையபடி சுருளத் தொடங்கியது. அடியில் சுருட்டை, நுனியில் கோரைப்புல். சீவினால் இரண்டும் சண்டை போடும். டப்பாவில் பாதிக்குமேல் களிம்பு மிச்சமிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"மதினி, இன்னொரு தடவ பூசிவிடுறீங்களா?"

"இனி எதுக்கு?"

"கப்பல்ல ஏறுற நேரம் படத்தையும் மூஞ்சியையும் ஒத்துப் பாப்பாங்களாமே? படத்துல நேரா இருக்கு, தலையில சுருட்டையா இருந்தா புடிச்சிக்கிட மாட்டாங்களா?"

அங்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "அதெல்லாம் பாக்க மாட்டாங்க. தலையைக் கெடுத்துக்காத, அந்த மருந்து கூடாது" என்றாள்.

இராக்கம்மா அப்படியே நின்றாள். ஜனவரியில் கூடாததாக இல்லாத மருந்து ஏப்ரலில் எப்படிக் கூடாததாயிற்று? தலைகீழாக நின்று படத்துக்கு முடியை நீட்டினவள், அந்தப் படத்தைக் காட்டிப் பயணம் போகவேண்டிய நேரத்தில் முடி எப்படியிருந்தால் என்ன என்கிறாள். அப்படியென்றால் படத்தைக் காட்டிப் போகப்போகிற தலை இந்தத் தலை இல்லையா? இந்த மாதிரிப் பாவத்தையெல்லாம் மனதில் நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருகிற பாக்கியம் மாதம் இரண்டு தடவை வந்தாள். வந்தால் இராக்கம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கோழியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஒரு நாள் அங்கம்மா அவளிடம் தாழ்ந்த குரலில், "ஒங்கப்பா பேரு என்னா? பொறந்த தோட்டம் எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கூடப் பிறந்தவளிடம் யாராவது அப்பா பேரைக் கேட்பார்களா? இராக்கம்மா உள்ளே வந்ததும் இரண்டு பேரும் பலாக்கொட்டை உரிக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு நாள் அண்ணன் சாப்பிட்டு முடித்துவிட்டு, "மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்துல ரெங்கசாமின்னு ஒரு ஆளு. பெஞ்சாதி செத்துருச்சு. நல்ல மனுசன்" என்றான்.

"அவருக்கு என்னா இப்ப?"

"சும்மா சொன்னேன்."

இந்தியாவுக்குப் போகப்போகிற தங்கச்சிக்கு மொனராகலையில் மாப்பிள்ளை எதற்கு? இராக்கம்மா கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவான், பிறகு தன் சந்தேகத்தையும் பறிகொடுத்துவிட்டு நிற்க வேண்டிவரும் என்று பயந்தாள். மதினி துரோகம் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். அவள் தன் தங்கச்சியை விட்டுப் போக முடியாமல் செய்கிறாள் என்று ஒரு பக்கம் இரக்கம்கூட வந்தது. அண்ணனுக்குத் தெரியுமா என்பதுதான் அவளை அரித்தது. தாய் தகப்பன் போன பிறகு தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் அவன்.

மிச்சக் களிம்பை ஒருநாள் திருட்டுத்தனமாகத் திறந்தாள். பூசிக்கொண்டால் படத்தில் இருப்பவளாக மறுபடி ஆகிவிடலாம். விரலில் தொட்டும் விட்டாள். காதுக்குப் பின்னால் கொப்புளம் ஆறின இடம் நினைவுக்கு வந்தது. ஆத்திரமாக வந்தது. என் பேருக்காக நான் எதற்கு இன்னொருத்தி மாதிரி வேஷம் போடவேண்டும்? மூடியை அடைத்து வைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து, சுருண்ட பக்கத்துக்கு எண்ணெய் தடவி விரலாலேயே கோதிவிட்டாள். சுருள் விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டது. இத்தனை வருடம் இதைப் போய் ஒளித்துக்கொண்டு திரிந்தோமே என்றிருந்தது. அன்றிலிருந்து தலையை மூடவில்லை. மலையில் சிரித்தவர்களிடம், "ஆமா, சுருட்டைதான், இப்ப என்னாங்குற?" என்று திருப்பிக் கேட்டாள்.

செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை இராசையா விடியக் கருக்கலில் வெள்ளை வேட்டி கட்டினான். "பதுளைக்குப் போயி பாஸ்போட் வந்துருச்சான்னு விசாரிச்சிட்டு வாறோம். நீ வேலைக்குப் போ, ஒரு நாள் பேரையும் சம்பளத்தையும் எதுக்கு வீணாக்குற" என்றான். அங்கம்மா பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். விசாரிக்கப் போகிறவளுக்குப் பட்டுச்சேலை!

இராக்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போனாள். கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நீ என்னா இங்க நிக்கிற? இன்னைக்குத்தானே ஒங்களுக்குப் பாஸ்போட் குடுக்கிறாங்க. ஆள் நேர்ல போகணுமே."

கூடை அங்கேயே விழுந்தது. இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி, பசறை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து பதுளைக்கு நின்றுகொண்டே போனாள். சண்டை போடவேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பார்க்கவேண்டும், அவ்வளவுதான். தான் நினைத்தது பொய்யாக இருந்தால் அண்ணன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வளைவுக்கு வளைவு வேண்டிக்கொண்டே போனாள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபத்தில் மேசை போட்டு அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பல தோட்டத்து ஆட்கள் வாசல்வரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இராக்கம்மா கடைசி ஆளின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் அண்ணன். அவன் பக்கத்தில் மதினி. மதினிக்குப் பக்கத்தில் நடு வகிடு எடுத்து, நீலக்கல் தோடு போட்டுக்கொண்டு பாக்கியம்.

அப்போது அழுகை வரவில்லை.

"இராசையா!" என்று கூப்பிட்டார் அதிகாரி.

"இருக்கேங்க."

"அங்கம்மா!"

"இருக்கேங்க."

"இராக்கம்மா!"

"இருக்கேங்க!"

குரல் வந்தது பின்னாலிருந்து. இராக்கம்மா அதை நினைத்துச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் விடிந்தால் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிட்டவுடன் குரல் கொடுத்தவள். ஒரு நொடி பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. காது கேட்டது, வாய் சொல்லிவிட்டது. முன்னால் நின்ற பாக்கியமோ, தன் பேராக இல்லாத பேருக்கு வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி பாதி திறந்த வாயோடு நின்றாள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அங்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா அது? முன்னால வா" என்றார் அதிகாரி. வந்தவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. ஆள் மாற்றிப் போகிற கதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழுத்தவர் போலிருந்தது.

"இந்தப் படத்துல இருக்கிறது இந்தப் பொண்ணுதான். நேர் முடி, நேர் வகிடு. ஒன் தலை குருவிக்கூடு மாதிரி இருக்கு. நீ யாரு? இந்தப் பேருல ஏறிப் போகலாம்னு வந்தியா?"

தன் பேரைத் தானே திருட வந்தவள் ஆகிவிட்டாள் இராக்கம்மா. "அது நாந்தாங்க" என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

அதிகாரி இராசையாவின் பக்கம் திரும்பினார். "நீதானே குடும்பத் தலைவர்? இதுல எது ஒன் தங்கச்சி? கையைக் காட்டு."

இராசையா பெஞ்சாதியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு அவன் வலதுகை வேட்டியை விட்டு மெல்ல மேலே எழும்பியது. இராக்கம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அது எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"ஐயா, அண்ணனைக் கேக்காதீங்க!" என்று கத்திவிட்டாள். "என் தலையைப் பாருங்க." கொண்டையைப் பிடுங்கி அவிழ்த்து மேசைக்கு முன்னால் குனிந்தாள். "தையில மருந்து பூசி நீட்டிவிட்டாங்க. அந்த முடி இன்னும் கீழ தொங்குது பாருங்க. அதுக்கு மேல முளைச்சதெல்லாம் என்னோடது."

அதிகாரி டைப் அடித்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து வந்து இராக்கம்மாவின் முடியை விரலால் பிரித்துப் பார்த்தாள். மேலே நாலு விரல் அளவுக்குச் சுருள், அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்ட மாதிரி நேர் முடி. காதுக்குப் பின்னால் தழும்பையும் தொட்டாள். "மருந்து போட்ட தலைதான் சேர். எனக்குத் தெரியும், நானும் போட்டுச் சுட்டுக்கிட்டவதான்" என்றாள். பாக்கியத்தின் சடையையும் அவிழ்த்துப் பார்த்தாள். அடியிலிருந்து நுனிவரை ஒரே மாதிரி.

"ஒன் பேரு என்னம்மா?" என்று கேட்டார் அதிகாரி. பாக்கியம் அழுதுகொண்டே, "பாக்கியலெட்சுமிங்க" என்றாள்.

"இவ எங்களை வழியனுப்ப வந்தவளுங்க" என்றாள் இராக்கம்மா அவசரமாக. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணனைப் பொலிசில் கொடுக்க மனம் வரவில்லை. அதிகாரி அதை நம்பவில்லை என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. வெகுநேரம் பேனாவை உருட்டினார். கடைசியில், "இந்தப் படம் செல்லாது. இப்ப இருக்கிற தலையோட புதுசா எடுத்துட்டு வா" என்று கோப்பை மூடினார்.

அன்று மத்தியானமே ஸலீம் ஸ்டூடியோவில் படம் எடுத்தாள். ஸலீம் நானா சீப்பும் எண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்து, "கொஞ்சம் அமுக்கிச் சீவி விடுவமா, தங்கச்சி?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். தலையை நிமிர்த்தி, சுருள் இரண்டு பக்கமும் விரிந்து நிற்க, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அங்கம்மாவும் பாக்கியமும் முன் சீட்டில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பாக்கியத்தைப் பார்க்கத்தான் நெஞ்சு வலித்தது. அவளுக்கு இனி யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. ஏறும்போது இராக்கம்மாவின் கையைப் பிடித்து, "எனக்கு இஷ்டமே இல்ல இராக்கு, அக்காதான்…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டாள். அதை இராக்கம்மா நம்பினாள்.

இராசையா தங்கச்சிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முதல் வளைவில், "நான் ஒன்னையத்தான் காட்டியிருப்பேன், இராக்கு" என்றான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு மைல் கழித்து, "சத்தியமா ஒன்னையத்தான் காட்டப் போனேன்" என்றான். பசறை டவுனில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் சொன்னான்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.